பெத்தேல் இல்லத்துக் கடைசி மௌனம்

மணி அடிச்சாச்சு. ஒத்த அடி. இனி நான் மூணு அடி அடிக்கிற மட்டும் இந்த ஜெப அறைக்குள்ள ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது. இருமல் வந்தா கைக்குட்டைக்குள்ள இருமணும், தும்மல் வந்தா கர்த்தர் பாத்துக்கிடுவாரு. இப்ப மணி பத்து. பதினொண்ணுக்கு நான் மூணு அடி அடிச்ச உடனே பேராயர் எழுந்திரிச்சு, மடியில வச்சிருக்காரே அந்த வெள்ளைக் கவர், அதைப் பிரிச்சு உள்ள இருக்க தாளை வாசிப்பாரு. வாசிச்சுக் கையெழுத்துப் போட்டா பெத்தேல் தியான இல்லம் மூடியாச்சு. அறுபத்தி மூணு வருசம் நடந்த வீடு, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். சாவியெல்லாம் திருமண்டல ஆபீஸ் லே செக்ரட்டரி கையில ஒப்படைச்சிரணும்னு நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. எந்தச் சாவிய ஒப்படைக்க? மொத்தம் நாப்பத்தியொரு சாவி கிடக்கு, அதுல பதினாறுக்குத்தான் எந்தப் பூட்டுன்னு எனக்கே தெரியும். ஸ்டோர் ரூம் பூட்டுக்குச் சாவியே கிடையாது, கரண்டிக் காம்பை விட்டு நெம்பணும். அப்போ கரண்டியையும் சேத்துல்லா ஒப்படைக்கணும். சரி பியூலா, போதும். மௌனம்னா வாய் மட்டும் இல்ல, மனசும் மூடணும்னு வாரவங்களுக்கெல்லாம் முத நாள் சாயங்காலம் நீதான சொல்லுத. ஆமா, சொல்லுதேன். மனசு என்ன சட்டியா, தட்டை வச்சு மூட? இந்தா, குழம்பு ஞாபகம் வந்துட்டு. சமையக்காரி தவமணி அடியில பிடிக்க விட்டிருப்பா, கிளறச் சொல்லிட்டு வந்தேனா இல்லையா, சொன்னேன், ரெண்டு தடவ சொன்னேன், அதனாலதான் கிளறியிருக்க மாட்டா.

மனசை மூடத் தெரியாதவளைக் கொண்டுபோய் மௌனத்துக்குக் காவல் வச்ச புண்ணியவதி பெம்பர்ட்டன் மிஸ்ஸியம்மா, வெள்ளைக்கார மிஷனரி. அவங்க கட்டுன வீடு இது. நான் வந்தது தையல் படிக்க, பத்து நாள் பயிற்சிக்கு. என் வீட்டுக்காரரு காமாலையில போயி ஒரு வருசம் கூட ஆகல, வீட்டுல எல்லாரும் என்னைப் பாத்தாலே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, போய்த் தொலையுவோம்னு வந்தேன். பதினோராம் நாள் எல்லாரும் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க, நான் மட்டும் அடுப்படியில தவமணியோட மாமியாகிட்ட பேசிக்கிட்டே நின்னுட்டேன். இன்னும் அந்தப் பேச்சு முடியல, இருபத்தெட்டு வருசம் ஆயிட்டு. அடுப்படியில நான் பேசுனா கேட்டுக்கு வெளிய பஸ்சுக்கு நிக்கிறவன் பதில் சொல்லுவான். அப்படிப்பட்டவளை மிஸ்ஸியம்மா கூப்பிட்டு, வாசல்ல தொங்குற தண்டவாளத் துண்டைக் காட்டி, இரும்புக் கம்பியக் கையில குடுத்து, இனிமே மௌன மணி நீதான்னாங்க. நானா மிஸ்ஸியம்மா, நான் எப்படின்னு கேட்டேன். பேசாம இருக்கக் கஷ்டப்படுறவதான் அடுத்தவங்க பேசினா கண்டுபிடிப்பான்னாங்க. தமிழ் அவங்களுக்கு நல்லா வரும், இந்த மாதிரி குத்துறதுக்கு மட்டும் இன்னும் நல்லா வரும். இன்னொரு சட்டமும் அவங்க வச்சதுதான். மௌனத்துக்கு ஒக்காரும் முன்ன எல்லாரும் கைக்கடிகாரத்தைக் கழத்தி இந்தப் பனையோலைப் பெட்டியில போட்டிரணும். இப்ப காலத்துக்கு செல்போனும். ஜெப அறையில கடிகாரம் கிடையாது. மணி காக்கிறவ கையில ஒரு கடிகாரம், அவ்வளவுதான். எத்தனை பேர் வந்தாலும் நேரம் என் கையில கட்டியிருக்கும். பத்து ஏழு.

பேராயர் முன்னால நாற்காலியில ஒக்காந்திருக்காரு, கடைசி மௌனத்துக்கு வந்த மத்த நாப்பது பேரும் பாயில. மூட்டு வலி இல்லன்னா அவரும் பாய்தான், பதவி வந்தும் ஆள் மாறல, அது ஒண்ணு சொல்லணும். இன்பராஜ் தம்பி. பேராயர்னு சொல்லணும் பியூலா, கூட்டத்துல வாய் தவறித் தம்பின்னு கூப்பிட்டுத் தொலைக்காத. இருபத்தாறு வருசம் முன்ன, பாதிரி ஐயருக்குப் படிச்சுக்கிட்டிருந்தப்ப தியான ரிட்ரீட்டுக்கு வந்துச்சு இந்தத் தம்பி, ஈர்க்குச்சி மாதிரி. மௌன நேரத்துல பக்கத்துல இருந்தவன்கிட்ட ஸ்கோர் என்னலன்னு கேட்டுது. காதுல விழுந்துட்டு எனக்கு. எழுப்பிக் கூட்டிட்டுப் போயி பதினெட்டு தேங்காய் துருவ வச்சேன். அன்னைக்கு எல்லாருக்கும் தேங்காய்ச் சோறு. அதுக்கப்புறம் அவரு எங்கெங்கயோ போயி என்னென்னமோ ஆனாரு, ஆனாலும் இங்க வந்து மணிச் சத்தம் கேட்டுட்டா வாயை மூடிட்டு என்னை ஒரு தடவ பாத்துக்கிடுவாரு. இன்னைக்கும் பாத்தாரு. காலையில கார விட்டு இறங்கின உடனே நேரா அடுப்படிக்குத்தான் வந்தாரு, பாவம். பியூலாக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க, கமிட்டி தீர்மானம், நான் ஒருத்தன் என்ன செய்யன்னாரு. அப்பதான் நான் சொல்லியிருக்கணும். மூடாதீங்க ஐயா. ரெண்டே ரெண்டு வார்த்தை. ஒரு வாரமா கோழிக்குத் தீனி போடும்போதும், குளிக்கும்போதும், பாயில படுத்தும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். கடைசியில என்ன கேட்டேன்? காபிக்குச் சீனி போதுமா ஐயா. இருபத்தெட்டு வருசமா ஓயாத வாய், பேச வேண்டிய நேரத்துல சீனி போதுமான்னு கேக்கு. போதும்க்கான்னாரு. அதோட முடிஞ்சுது என் போராட்டம்.

தீர்மானத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். ஆள் வரத்து இல்ல, ஓடு ஒழுகுது. ஒழுகுறது நெசம்தான். ஆனா எங்க ஒழுகும்னு தெரிஞ்சு நான் வாளி வச்சிருக்கேன்லா, ஒரு சொட்டு தரையில விழாது. ஆள் வரலைங்கிறதும் நெசம்தான். போன வருசம் ஏழே ஏழு கூட்டம். இப்ப ரிட்ரீட்டுன்னா ஜனங்க ரிசார்ட்டுக்குல்லா போகுது. அங்க தியானம் பண்ண என்ன இருக்கு? கட்டில்ல துண்டை அன்னம் மாதிரி மடிச்சு வச்சிருப்பான், அதையே பாத்துக்கிட்டு ஒக்காரணும். இங்க அப்படியா. எத்தனை பேரு இங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சுட்டுப் போனாங்க, பிரசவம் பாக்கக் கத்துக்கிட்டாங்க, ஓய்வுநாள் பள்ளி டீச்சர்மாரு எத்தனை நூறு பேரு. எங்க ஃபிளானல் பலகை பேர்போனது. படத்தைத் துணியில வெட்டி ஒட்டி ஒட்டிக் கதை சொல்லணும். ஒரு வருசம் தீர்க்கதரிசியை முழுங்குற மீனை எலி தின்னுட்டு. காலையில எப்சிபா டீச்சர் வகுப்பு, வேற மீனுக்கு எங்க போக? காய்கறிப் படத்துல கத்தரிக்காய் கொஞ்சம் பெருசா இருந்துச்சு, வாலுக்குக் காம்பும் இருந்துச்சு, ரெண்டு கண்ணு தச்சுக் குடுத்துட்டேன். அன்னைக்குப் பயிற்சிக்கு வந்தவங்க அதையே பாத்து வெட்டிக்கிட்டுப் போயி அவங்கவங்க ஊர்ல சொல்லிக்குடுத்துட்டாங்க. இந்தப் பக்கம் பன்னெண்டு சபையில பிள்ளைங்க மீன் வரைன்னா இன்னைக்கும் ஊதா கலர்தான் அடிக்கும். எப்சிபா டீச்சர் அந்தா மூணாவது பாயில, எம்பத்தி ரெண்டு வயசு, செவத்துல சாஞ்சு குறட்டை விடுதாங்க. குறட்டை பேச்சுல சேராதுன்னு மிஸ்ஸியம்மா காலத்துலயே தீர்ப்பு ஆயிட்டு. பக்கத்துல லே செக்ரட்டரி ஜெயசிங். புதுசா வந்தவரு, இந்த வீட்டுக்குள்ள இப்பதான் முதல் தடவ கால வைக்காரு. சம்மணம் போடத் தெரியல, ரெண்டு முட்டியும் காதுக்குப் பக்கத்துல நிக்கு. நிமிசத்துக்கு ஒரு தடவ மணிக்கட்டைப் பாக்காரு, அங்க கடிகாரம் கட்டுன வெள்ளைத் தழும்புதான் இருக்கு. பாருங்க, நல்லா பாருங்க. பத்து முப்பத்தி நாலு.

இருபத்தாறு நிமிசம். அதுக்கப்புறம் நான் தூத்துக்குடி. கூடப் பிறந்த தம்பி வீட்டு மாடியில ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கான், நல்ல பய, குறை சொல்லப்படாது. அவன் பொண்டாட்டிதான் டிவிய அணைக்கவே மாட்டா. காலையில கண்ணு முழிச்ச உடனே போட்டுருவா, சீரியல்ல எந்நேரமும் யாராவது யாரையாவது அறையுதாங்க, மூணு மூணு தடவ காட்டுதான். போன தடவ ரெண்டு நாள் இருந்தேன். அவ பேசல, நானும் பேசல, டிவி மட்டும் பேசிச்சு. பியூலா பேசாம இருந்தான்னா யாரும் நம்புவாங்களா? இங்க மௌனத்துல கூட எனக்குப் பேச்சுத்துணை உண்டு. யாரு கொட்டாவி விடுதா, யாருக்கு வயிறு கத்துது, யாரு அழுகா, எல்லாம் தெரியும். வருசத்துக்கு ஒருத்தராவது இங்க ஒக்காந்து அழாம இருந்ததில்ல, அழுது முடிச்சுட்டு நேரா அடுப்படிக்கு வந்து அக்கா ஒரு டீன்னு கேப்பாங்க. தூத்துக்குடியில யாரு வந்து கேப்பா? மாடிக்குப் படி செங்குத்து, ஒரு டீ எடுத்துட்டு ஏறுறதுக்குள்ள ஆறிரும். இது என்ன வாசனை? குழம்பு வாசனைதான். நல்ல வாசனை, அடிபிடிக்கல. பேராயர் சாப்பிட்டுப் போவாரான்னு தெரியல. அவருக்குப் பன்னெண்டு மணிக்கு ஆலங்குளத்துல ஒரு கல்யாணம் நடத்தணுமாம், இங்கருந்து முக்கா மணி நேரம், பதினொண்ணேகாலுக்கு வண்டி ஏறியே ஆகணும்னு ஜெயசிங் நேத்து போன்ல சொன்னாரு. பதினொண்ணுக்கு மணி, அஞ்சு நிமிசத்துல வாசிப்பு, ஜெபம், கையெழுத்து, வண்டி. இந்த நாளை விட்டா பேராயருக்கு அடுத்து ஜூலை மாசம்தான் தேதி இருக்கு மேட்ரன் அம்மா, அதனால எல்லாம் கரெக்டா இருக்கணும்னாரு. கரெக்டா இருக்கும்னேன். ஜூலை. இது சனவரி. மே மாசம் எல்லாச் சபைக்கும் சேத்துத் திருமண்டலத் தேர்தல். தேர்தல் வந்தா இந்தக் கமிட்டியே இருக்காது. புதுசா வாரவன் பழைய கமிட்டி போட்ட தீர்மானம்னாலே படிக்காம கிழிப்பான், அது நம்ம ஜனங்க வழக்கம். அப்போ இன்னைக்கு வாசிக்கலன்னா.

ஏ யப்பா. நான் மணி அடிக்கலன்னா? இல்ல, அடிக்கத்தான் செய்வேன், அடிக்கமாட்டேன்னு யாரு சொன்னா, கொஞ்சம் பைய அடிப்பேன். ஒரு மணி நேரம் மௌனம்னு நான் சொன்னேன், எந்தக் கடிகாரத்துல ஒரு மணி நேரம்னு யாரும் கேக்கலையே. பதினொண்ணே இருபது மட்டும் இழுத்தாப் போதும். அவரு எந்திரிச்சு வண்டிய நோக்கி ஓடுவாரு, கவர் கவராவே போயிரும். பாவம்தான். பாவமா? பொய் சொன்னேனா, வாயத் திறந்தாத்தான பொய் சொல்ல. களவாண்டேனா, நாப்பது பேர் நேரத்தைக் களவாங்குதேன், ஆனா அது அவங்க தானா கழத்திப் பெட்டியில போட்டது. வேதத்துல ஒருத்தர் ஜெபிச்சுச் சூரியனையே ஒரு நாள் முழுக்க நிக்க வச்ச கதையப் பிள்ளைங்களுக்கு இந்தக் கையால துணி வெட்டி ஒட்டிச் சொல்லிக்குடுத்திருக்கேன். அவரு சூரியனை நிறுத்தினா விசுவாசம், நான் ஒரு தண்டவாளத் துண்டை நிறுத்தினா களவா? போடி, கோட்டிக்காரி, நீயும் அவரும் ஒண்ணா. பத்து அம்பத்தெட்டு. பத்து அம்பத்தொம்பது. ஜெயசிங் என்னையே பாக்காரு. பாக்கட்டும், கண்ணை மூடிக்கிடுவோம், நான் ஜெபத்துல இருக்கேன், மணி காக்கிறவ ஜெபிக்கப்படாதுன்னு எங்கயும் எழுதி வைக்கல. கண்ணை மூடினா கடிகாரம் தெரியலயே. ஒரு கண்ணை மட்டும் மூடுவோம். பதினொண்ணு. பதினொண்ணு ஒண்ணு. ஆத்தாடி, தாண்டிட்டேன். ஒண்ணும் ஆகல. ஓடு இடிஞ்சு விழல. மிஸ்ஸியம்மா படம் செவத்துல அப்படியேதான் இருக்கு, ஆனா அவங்க எப்பவுமே அப்படித்தான் முறைச்சுக்கிட்டு இருப்பாங்க, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பதினொண்ணு அஞ்சு.

ரயில். ஐயையோ, ரயிலை மறந்துட்டேனே. செங்கோட்டை போற பாசஞ்சர் பதினொண்ணு பத்துக்கு லெவல் கிராசிங்ல ஊதும், அந்தா ஊதிட்டான், பாவி, என்னைக்கும் பிந்தி வாரவன் இன்னைக்குன்னு நேரத்துக்கு வந்து ரெண்டு தடவ வேற ஊதுதான். இந்த ரூம்ல ஒக்காந்திருக்க பழைய ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் தெரியும், காலை மௌனம் முடிஞ்சு காபி குடிக்கும்போதுதான் அந்த ரயில் ஊதும். மௌனத்துக்குள்ள ஊதவே ஊதாது. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன். இப்ப நாப்பது தலையும் நிமிரும், எல்லாக் கண்ணும் என் மேல விழும், இந்த வயசுல இந்த அவமானம் தேவையா உனக்கு. பாரு, பாக்கத்தான வேணும், ரெண்டு கண்ணையும் தெற. ஒருத்தரும் நிமிரல. நிமிரலன்னா எப்படி, கேக்காம இருக்காது, ஜன்னல் கம்பியே அதிர்ந்துச்சு. குனிஞ்ச தலையெல்லாம் இன்னும் ஒரு இஞ்சு குனியுது. பின்னால ஒரு கிழவர் கையக் கூப்பிக்கிட்டாரு. எப்சிபா டீச்சர் குறட்டை நின்னுட்டு. ஒத்தக் கண்ணைத் தெறந்து என்னைப் பாக்காங்க. நான் அவங்களைப் பாக்குதேன். அந்தக் கண்ணை மூடிக்கிட்டு மறுபடி குறட்டை விடுதாங்க, முன்னைக்கு விட ரெண்டு பங்கு சத்தமா. பொய்க் குறட்டை! எம்பத்தி ரெண்டு வயசுல, ஜெப அறையில, பொய்க் குறட்டை! எனக்குச் சிரிப்பு முட்டுது, முந்தானைய வாயில வச்சு அமுக்குதேன், கண்ணுல தண்ணி வருது. அப்போ இத்தனை பேருக்கும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்காங்களா? ஜெயசிங்குக்கு மட்டும் ஒண்ணும் தெரியல, அவருக்கு ரயில் வெறும் ரயில். பேராயர்? அவருக்குத் தெரியாம இருக்குமா. அவரு கண்ணைத் தெறந்துதான் வச்சிருக்காரு. என்னையப் பாக்கல. கவரைப் பாக்காரு.

மடியில என்னமோ உறுமுது. பெட்டி. ஓலைப்பெட்டிக்குள்ள ஒரு போன் கிடந்து துடிக்கு. நின்னுட்டு. மறுபடி துடிக்கு. மூடிய லேசாத் தூக்கிப் பாக்குதேன், பேராயர் போன்தான், மணப்பெண் அப்பா அப்படின்னு பேர் எரியுது. மூடிட்டேன். மறுபடி. விடுங்க வேய், வருவாரு, பன்னெண்டுக்குத்தான கல்யாணம், அதுக்குள்ள என்ன அவதி. பெண்ணைப் பெத்தவருக்கு அவதி இல்லாம எப்படி இருக்கும். எங்க அப்பாவும் இப்படித்தான் சபைக் கோயில் வாசல்ல நின்னாரு. என் கல்யாணத்துக்கு ஐயர் ரெண்டரை மணி நேரம் பிந்தி வந்தாரு, சித்திரை மாசம், பட்டு முக்காடு, மின்விசிறி கிடையாது. கோயில்ல இருந்த அத்தனை பேரும் என் முதுகையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல அவரு, முகத்தைக் கூடச் சரியாப் பாக்கல அப்ப, மெதுவா, பசிக்குதான்னு கேட்டாரு. ஆமான்னேன். சட்டைப் பைக்குள்ள இருந்து ஒரு மிட்டாய் எடுத்து யாருக்கும் தெரியாமக் கையில வச்சாரு. பதினாலு மாசம் அந்த மனுசனோட இருந்தேன். அந்த ரெண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் குடுன்னு யாருகிட்ட போய்க் கேக்க. இப்ப ஆலங்குளத்துல ஒரு பிள்ளை முக்காட்டோட நிக்கும். அவளுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம், அவ என்ன பாவம் செஞ்சா. ஏன்டி பியூலா, ஒரு வீட்டைத் திறந்து வைக்கதுக்கு இன்னொரு வீட்டை வாசல்லயே நிறுத்துவியா? சீ. பெட்டி துடிக்கு. பேராயருக்கும் அந்தச் சத்தம் கேக்கு, தாடை இறுகுது. வாயத் திறந்து அக்கா போதும்னு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சுது, சொல்ல மாட்டங்காரு. நான் மணி அடிக்காம அவரு பேச மாட்டாரு, கல்யாணமே நின்னாலும் பேச மாட்டாரு, அந்த அளவுக்குப் பயம் காட்டி வச்சிருக்கேன் பாவிமுண்ட. பதினொண்ணு பதினெட்டு. இன்னும் ரெண்டு நிமிசம் இழுத்தா ஜெயிச்சுருவேன். எழும்புதேன். முட்டி சடசடங்கு. வாசலுக்குப் போயி கம்பிய ஓங்குதேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

மூணாவது அடி எப்பவும் ஒரு மாதிரி இழுத்துக்கிட்டே போயி அடங்கும். அடங்கிட்டு. நான் திரும்பி வந்து பெட்டியோட பாயில ஒக்காந்தேன். பேராயர் எந்திரிச்சு நிக்காரு. வேகமாக் கவரைக் கிழிக்காரு, வேகமா வாசிக்காரு, இந்த இல்லத்தின் வழியாகக் கிடைத்த நன்மைகளுக்காக, இங்கே ஊழியம் செய்தவர்களுக்காக, மொத்தம் ஒம்போது வரிதான். தமிழ் சுத்தமா எழுதியிருக்காங்க, எவனோ நல்லா ஒக்காந்து எழுதியிருக்கான். இன்று முதல் இதன் கதவுகள் மூடப்படுவதாகத் தேவனுடைய சமுகத்திலும் சபையார் முன்பாகவும் அறிவிக்கிறோம். நிறுத்துதாரு. தாள்ல அதுக்குக் கீழ, சபையார், ஆமென், அப்படின்னு போட்டிருக்கும், எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கும். சபை அதைச் சொன்னப்புறம்தான் அதுக்கும் கீழ பேராயர் கையெழுத்து. பேனா மூடியக் கழத்திட்டு நிக்காரு. ஆமென் வரல. நாப்பது பேரும் பாயைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்கலயோன்னு கடைசி வரிய மறுபடி வாசிக்காரு. மணி அடிச்சாச்சு, பேசலாம், நான்தான அடிச்சேன், ஏன் ஒருத்தரும் பேசல? ஆமென்னு ஜெயசிங் சொல்லுதாரு, தனியா. அவரு குரல் அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும் போல, இன்னொரு தடவ கொஞ்சம் தாழ்த்திச் சொல்லுதாரு. பேராயர் திரும்பி, நீங்க கமிட்டி ஜெயசிங், நான் சபையைக் கேக்கேன்னாரு. எப்சிபா டீச்சர் குறட்டை கூட விடல. இப்ப அவரு என்னையப் பாக்காரு.

ஏன் என்னையப் பாக்காரு? தெரியும் எனக்கு. இந்த வீட்டுல ஜெபம் முடியும் முன்னாலயே முந்திக்கிட்டு வாரது என் ஆமென்தான். சில சமயம் ஜெபிக்கிறவங்க மூச்சு விட நிறுத்தினாலே நான் ஆமென்னு போட்டு முடிச்சு வச்சிருக்கேன், சோறு ஆறிருமேன்னு. நான் ஒரு ஆமென் சொன்னாப் போதும், பின்னாலயே எல்லாரும் சொல்லிருவாங்க, பழக்கதோசம். அவரு கையெழுத்தைப் போட்டுட்டு அந்தப் பிள்ளைகிட்ட ஓடுவாரு. சொல்லலன்னா வெறும் தாளோட ஓடுவாரு. எப்படியும் ஓடத்தான் போறாரு, கல்யாணம் இதுக்கு மேல பிந்தாது. இதுல களவு ஒண்ணும் இல்ல, யாரு நேரமும் இல்ல, மணியும் இல்ல, என் வாய். பியூலாக்கா, அப்படின்னு கூப்பிடுதாரு, கெஞ்சுதாரா, வேற என்னமும் சொல்லுதாரா தெரியல. வாய் தானாத் திறந்து ஆ வரைக்கும் வந்துட்டு. பல்லக் கடிச்சுக்கிட்டேன். அவரு பாக்காரு. நான் பாக்குதேன். பெட்டி ஒரு தடவ உறுமி நிக்கு. அவரு பேனாவை மூடி, தாளை நாலா மடிச்சு அங்கிக்குள்ள வச்சுக்கிட்டு, குனிஞ்சு என் கையில இருந்த பெட்டிக்குள்ள இருந்து அவரு போனை எடுத்துக்கிட்டு வெளிய போறாரு. ஜெயசிங் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு பின்னாலயே ஓடுதாரு. ஐயா, கையெழுத்து, கையெழுத்துங்காரு. ஜூலை மாசம் பாப்போம்னு வெளியில குரல் கேக்கு. கார் கதவு. கார். கார் சத்தமும் போயிட்டு. யாரும் எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல. அடுப்படியில தவமணி கரண்டிய வச்சுட்டா. மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்குதேன். ஒண்ணும் ஓடல.